ஊருக்குப் போகும்போது பிள்ளையை முதுகில் சுமக்க எந்தக் கரியர்?

ஊரில் கரியர் என்றால் சைக்கிளின் பின்பக்கம்தான் ஞாபகம் வரும். இங்கே சொல்லப்போவது பிள்ளையை முதுகில் வைத்துச் சுமக்கும் கரியர். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உடம்போடு ஒட்டிக் கட்டும் துணிக் கரியர். மற்றது, அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டியும் வெயில் மறைப்பும் வைத்த பெரிய சட்டக் கரியர். விமானச் சீட்டுப் போட்ட கையோடு பலர் இந்தப் பெரியதைத்தான் வாங்குகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். ஊரில் நிற்கும் நாட்களில் எத்தனை நாள் உண்மையாக நடக்கப் போகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலேயே நிற்பதென்றால் சட்டக் கரியர் தேவையே இல்லை. குடாநாடு தட்டை நிலம். கோவிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் கடற்கரைக்கும் ஓட்டோவிலோ வானிலோதான் போவீர்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் பிள்ளையைக் கழற்றி எடுத்து, அந்தப் பெரிய சாமானை எங்கே வைப்பதென்று முழிக்க வேண்டும். போதாததற்கு, வீட்டுப் படலை திறந்ததும் பிள்ளை உங்கள் கையில் இருக்காது. அம்மம்மாவிடமிருந்து சித்திக்கு, சித்தியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கு என்று போய்விடும். சுருட்டினால் கைப்பைக்குள் அடங்கும் துணிக் கரியர் போதும். தள்ளுவண்டிலின் சில்லு மணலில் புதையும் இடங்களிலும் அதுதான் கைகொடுக்கும்.

மலைநாட்டுக்குப் போவதென்றால் கதை வேறு. ஹோர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்து மலை விளிம்பு வரை போய்ச் சுற்றி வரும் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பிள்ளையோடு என்றால் நாலு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் துணிக் கரியரில் சுமந்தால் இரண்டு பேருடைய உடம்பும் வியர்த்து ஒட்டும், தோள் கழன்றுவிடும். சட்டக் கரியரில் பிள்ளைக்கும் உங்கள் முதுகுக்கும் இடையே காற்றுப் போகும். பாரத்தின் பெரும்பங்கு இடுப்பில் இறங்கும். பிள்ளையும் உயரத்தில் இருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும்.

சரி, வாங்குவதென்று முடிவு செய்தால் முதலில் வயது. கழுத்து நன்றாக நின்று, பிடிக்காமல் தானாக இருக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் சட்டக் கரியர். அது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குப் பிறகுதான். பல நிறுவனங்கள் குறைந்த எடையை 7 கிலோ அளவில் வைக்கின்றன. கூடிய எடை 22 கிலோ என்று போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். சிலர் பிள்ளையின் எடையை மட்டும் சொல்வார்கள். சிலர் பிள்ளை, சாமான், கரியர் மூன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். லேபிளை வடிவாக வாசியுங்கள்.

உங்கள் முதுகின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். வெறும் கரியர் 3 முதல் 3.5 கிலோ. இரண்டு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 12 கிலோ. தண்ணீர், நப்பி, மாற்றுடுப்பு, குளிருக்கு ஒரு மேற்சட்டை எல்லாம் சேர்த்தால் 18 கிலோவைத் தாண்டும். மூன்று வயது தாண்டிய பிள்ளைக்காகப் புதிதாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வயதில் பாதித் தூரம் தானே நடக்கிறேன் என்று அடம்பிடிக்கும், நீங்கள் வெறும் கரியரைச் சுமப்பீர்கள்.

கடையில் வெறுமையாக மாட்டிப் பார்ப்பதில் பலனில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு பத்து நிமிடமாவது நடந்து பாருங்கள். இடுப்புப் பட்டி வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். தோள்வார் கொஞ்சம் தளர்ந்தாலும் பாரம் இடுப்பில் நிற்கிறதா என்று பாருங்கள். முதுகின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரே உயரம் இல்லை. ஊரில் இருந்து கூட வரும் மாமாவும் "தாங்கோ, நான் தூக்குறன்" என்று கேட்பார்.

பிள்ளையின் பக்கம் பார்த்தால், இருக்கை அகலமாக, தொடையை முழங்கால் வரை தாங்க வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் விறைத்துப்போகும், அதனால் கால்மிதி இருப்பது நல்லது. தோள் வார்களைப் பிள்ளையின் உடம்புக்கு ஏற்ப இறுக்க முடிய வேண்டும். புலம்பெயர் வீடுகளில் இந்தக் கரியர்கள் கைமாறிக்கொண்டே இருக்கும். யாராவது பழையதைத் தந்தால் பக்கிள், தையல், கால் நுழையும் துவாரம் மூன்றையும் சோதியுங்கள். 2012 ஜனவரி முதல் 2014 டிசம்பர் வரை தயாரான, ஒஸ்பிரே நிறுவனத்தின் போக்கோ என்ற சட்டக் கரியர்கள், சின்னப் பிள்ளை கால் துவாரத்தால் வழுக்கி விழக்கூடும் என்பதால் 2016இல் திரும்ப அழைக்கப்பட்டன. இருக்கையில் வைக்கும் ஒரு பாகத்தை நிறுவனம் இலவசமாகக் கொடுத்தது. அது இல்லாத பழையதை வாங்கவே வேண்டாம். புதியதில் ஐரோப்பாவின் ஈஎன் 13209 அல்லது அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2549 தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கரியரை நிறுத்தி வைக்க ஊன்றுகால் இருந்தாலும் அதைப் பிள்ளையோடு மேசையிலோ வாங்கிலோ வைக்காதீர்கள். தரையில்தான், அதுவும் ஒரு கை பிடித்தபடி.

மாட்டிக்கொண்டு நடக்கும்போது மறந்துபோவது, பிள்ளையின் தலை உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது என்பதை. நான் ஒரு பழைய வீட்டு நிலையில் வெயில் மறைப்பை இடித்துக்கொண்டேன், நல்லகாலம் தலை தப்பியது. தாழ்ந்த கிளை, மின்விசிறி எல்லாவற்றிலும் கண் வேண்டும். கீழே விழுந்ததை எடுக்க முன்னுக்குக் குனியாமல் முழங்காலை மடித்து இறங்குங்கள். பாரம் மேலே இருப்பதால் குனிந்தால் ஆளையே கவிழ்த்துவிடும். உலக முடிவில் 800 மீற்றருக்கும் மேற்பட்ட பள்ளம். அங்கே விளிம்புக்குப் போக வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் ஏறி வியர்க்கும்போது பிள்ளை அசையாமல் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேலே, காலையில் நல்ல குளிர். உங்களுக்குச் சூடாக இருக்கிறதே என்று பிள்ளையின் மேற்சட்டையைக் கழற்றாதீர்கள். கீழ்நாட்டு வெயிலில் பிரச்சினை நேர்மாறு. மறைப்பும் தொப்பியும் போட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கித் தண்ணீர் கொடுங்கள். பின்னால் என்ன நடக்கிறதென்று பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருங்கள். பிள்ளையின் கையில் பிஸ்கட் இருந்தால் உங்களுக்கு முன்னே குரங்குக்குத் தெரிந்துவிடும்.

சிகிரியாவுக்குச் சட்டக் கரியர் கொண்டுபோக மாட்டேன். ஏறக்குறைய 1,200 படிகள், பாறையோடு ஒட்டிய ஒடுங்கிய இரும்புப் படிக்கட்டு, முன்னும் பின்னும் சனம். குளவிக் கூடுகளும் உண்டு. குளவி கலைந்தால் அந்தச் சுமையோடு ஓட முடியாது. துணிக் கரியரில் கட்டிக்கொண்டு ஏறுங்கள், அல்லது ஒருவர் கீழே பிள்ளையோடு நிற்க, மற்றவர் ஏறிவிட்டு வந்து மாறிக்கொள்ளுங்கள்.

விமானத்தில் சட்டக் கரியர் கைப்பொதியாகப் பெரும்பாலும் அடங்காது. பட்டிகள் எங்கும் மாட்டாதபடி பெரிய பையொன்றுக்குள் போட்டுக் கொடுங்கள். அது பிள்ளைக்கான இலவசச் சாமானா, உங்கள் பொதிக் கணக்கில் சேருமா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஊரில் வான் வண்டியில் போகும்போது கரியரைப் பிள்ளையின் ஆசனமாகப் பாவிக்கவே கூடாது.

அப்புறம், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். இரண்டு மூன்று வார இறுதிகளில் பக்கத்துப் பூங்காவில் சுமந்து பழகினால், பிள்ளைக்கு அதில் இருக்கப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்கவும் நேரம் இருக்கும்.