கொலஸ்ட்ராலைக் குறைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

கொலஸ்ட்ரால் கூடினால் வலிக்காது, தலைசுற்றாது. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்த ரிப்போர்ட்டிலும் பலர் மொத்த கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். ரத்தக்குழாய்ச் சுவரில் படிவது எல்.டி.எல். என்னும் 'கெட்ட' கொலஸ்ட்ரால், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இலக்கும் எல்லோருக்கும் ஒன்றல்ல. மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல்லை 70-க்குக் (mg/dL) கீழே, சில சமயம் அதைவிடவும் குறைவாக வைக்கச் சொல்வார்கள்.

அடுத்தது சாப்பாடு. 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சிட்ட எண்ணெயை நம்பித் தாராளமாக ஊற்றுகிறோம். தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் இருப்பதில்லை என்று சொல்லிவிடலாம். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைக் கல்லீரலே தயாரிக்கிறது. ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்லைப் பிடித்து உள்ளே இழுப்பதும் அதே கல்லீரல்தான். நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) அதிகமானால் அந்த இழுக்கும் வேலை மந்தமாகிறது. ஆகவே லேபிளில் தேட வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் அளவை. சரி, கொழுப்பைக் குறைத்தாயிற்று என்று அந்த இடத்தை மைதாவாலும் சர்க்கரையாலும் நிரப்பினால் ட்ரைகிளிசரைடு என்னும் இன்னொரு ரத்தக் கொழுப்பு ஏறும். ஓட்ஸ், பயறு, பழம் இவற்றில் உள்ள கரையும் நார்ச்சத்துதான் உண்மையில் உதவும்.

தினமும் நடப்பது இதயத்துக்கு மிக நல்லது. ஆனால் அதனால் ட்ரைகிளிசரைடு குறையும் அளவுக்கு எல்.டி.எல். குறையாது. பத்தாயிரம் அடி நடந்துவிட்டதாக வாட்ச் சொன்னதும், இனி எதையும் சாப்பிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வாட்ச் ஒளியை வைத்து நாடித்துடிப்பை அளக்கிறது, கொலஸ்ட்ராலை அளக்காது. ரத்தமே எடுக்காமல் கொலஸ்ட்ரால் அளவு சொல்கிறேன் என்னும் செயலியை நம்பாதீர்கள். மாத்திரை நேரத்தை நினைவூட்ட, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து டாக்டரிடம் காட்ட, இதற்கெல்லாம் செயலி அருமையான துணை. உணவையோ மாத்திரையையோ மாற்றிய மறுவாரமே பரிசோதனைக்கு ஓட வேண்டாம், 4 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்தால்தான் பலன் தெரியும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, அளவு சரியானதும் மாத்திரையை நிறுத்துவது. அளவு இறங்கியதே மாத்திரையால்தான். ஸ்டாட்டின் என்னும் அந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும், அப்போதும் உடம்பு எதுவும் சொல்லாது. தசைவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கும் மாறலாம்.

அப்புறம், ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு வராது என்ற எண்ணம். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குப் பரம்பரையாகவே எல்.டி.எல். அதிகமாக இருக்கிறது. இவர்களுக்குப் பத்தியம் மட்டும் போதாது. உங்கள் எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் டாக்டரிடம் இதைக் கேளுங்கள், உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.