மோடம் கணினிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்கு நடுவில் குடியிருப்பவர்களில் பலருக்கு இன்னும் சிம் போட்ட மோடம்தான் கதி. "லைன் சரியில்லை, வந்து பாருங்கள்" என்று யாராவது கூப்பிட்டால், முதலில் நான் பார்ப்பது மோடம் இருக்கும் இடத்தை. அநேகமாக நடு அறையில், கணினியை ஒட்டியே இருக்கும். மேலே தகரக் கூரை, சுற்றிலும் மரங்கள். தகரம் அலையை மறிக்கும், மழையில் நனைந்த மட்டைகள் மிச்சத்தையும் விழுங்கும். கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

கைப்பேசிக் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலுக்கு மோடத்தைக் கொண்டுபோங்கள். கணினி இருந்த இடத்திலேயே இருக்கட்டும், வைஃபை போதும். கணினியில் செருகும் குட்டி மோடமான யூஎஸ்பி டாங்கிள் என்றால் நீட்டிப்பு வயர் போடலாம், ஆனால் 5 மீட்டருக்கு மேல் போனால் தகராறு செய்யும்.

சிக்னல் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் திறந்தால் சிக்னலின் பலத்தைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண் பெரும்பாலும் கிடைக்கும். மைனஸ் 85 என்றால் ஜோர். மைனஸ் 110-க்கும் கீழே இறங்கினால் திண்டாட்டம். பக்கத்திலேயே எஸ்ஐஎன்ஆர் இருக்கும், இரைச்சலுக்கு நடுவில் சிக்னல் எவ்வளவு தெளிவு என்று சொல்லும் எண். அது பூஜ்யத்துக்குக் கீழே போனால், கோடு நிறைய இருந்தாலும் பக்கம் திறக்காது. மோடத்தை நாலு இடத்தில் வைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் பொறுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முழம் தள்ளி வைத்தாலே எண் மாறும்.

அப்புறம் பழைய டாங்கிள். நானே பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 20 வெள்ளிக்கு ஒன்று வாங்கி ஏமாந்தேன். அது 3ஜி வரைக்கும்தான் தெரிந்த ஜாதி, 4ஜி தெரியாது. மலேசியாவில் 2021 முடிவோடு 3ஜி-யை நிறுத்திவிட்டார்கள். அதனால் என் டாங்கிள் 2ஜி-யில் போய் உட்கார்ந்துகொண்டது. மின்னஞ்சல் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். இரண்டாங்கை வாங்கினால் 4ஜி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சிக்னலைக் கூட்டித் தரும் என்று விற்கும், அங்கீகாரம் இல்லாத 'பூஸ்டர்' பெட்டி பக்கம் போகவே வேண்டாம். அக்கம்பக்கத்துச் சிக்னலையும் கெடுக்கும், சட்டப்படியும் குற்றம்.

'அன்லிமிடெட்' என்று விளம்பரம் செய்யும் கைப்பேசித் திட்டங்கள் சிலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டு, வாங்குமுன் கேளுங்கள். சரி, டேட்டா வாங்கியாயிற்று. விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்', அதாவது அளவு வைத்த இணைப்பு, என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளையின் ஆன்லைன் டியூஷனுக்கு வைத்திருந்த டேட்டாவை ராத்திரியோடு ராத்திரியாக அப்டேட் தின்றுவிடும்.