பிபியும் கிட்னி பிரச்சினையும் இருந்தால் கண்ணை எப்படிக் காட்டுவது?

பிபியோடு கிட்னி பிரச்சினையும் இருப்பவருக்குப் பார்வை மங்கினால் தயவுசெய்து கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாதீர்கள். அங்கே பவர் மட்டும்தான் பார்ப்பார்கள். கோளாறு கண்ணின் பின்னால், விழித்திரையில் (ரெட்டினா) இருக்கலாம், வலியே தெரியாது.

கண் டாக்டரிடம் "சொட்டு மருந்து விட்டு ரெட்டினா பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். மருந்து விட்டால் நாலைந்து மணி நேரம் கண் கூசும், அதனால் வண்டி ஓட்டாமல் துணைக்கு ஒருவரோடு போங்கள். உடம்பை அறுக்காமல் ரத்தக் குழாய்களை நேராகப் பார்க்க முடிகிற இடம் விழித்திரைதான். அங்கே தீப்பிழம்பு போல ரத்தக் கசிவோ பஞ்சுத் துணுக்கு போல வெள்ளைத் திட்டோ தெரிந்தால், கிட்னியின் நுண்ணிய குழாய்களும் அடி வாங்கிக்கொண்டிருக்கலாம். இதற்குச் சொட்டு மருந்து கிடையாது, பிபியைக் கட்டுக்குள் கொண்டுவருவதுதான் வைத்தியம்.

பிபி 180/120-ஐத் தாண்டி, பார்வையும் மங்கி, தலையும் வலித்தால் கண் நரம்பே வீங்கியிருக்கலாம். அப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கூடுதலாகப் போட்டு பிபியை இறக்கப் பார்க்காதீர்கள், சட்டென்று இறங்கினால் கண் நரம்புக்கு ரத்தம் போகாமல் பார்வை திரும்பாமலே போய்விடலாம்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. உடம்பிலிருந்து நிறைய நீர் எடுக்கும் நாளில் பிபி விழலாம், மறுநாள் காலை எழுந்தால் ஒரு கண்ணில் பாதி மறைக்கலாம். இன்னொரு கண்தான் தெரிகிறதே என்று மூன்று நாள் தள்ளிப்போட்டு வருகிறார்களே, அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. தினமும் காலையில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டர் தேதியைப் பாருங்கள், அப்புறம் மற்றக் கண்ணால் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் தண்ணீரை டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்தினால் ஒரே நாளில் அதிகம் எடுக்க வேண்டியிருக்காது. பிபி மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்பதை கிட்னி டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கண் சிவந்து உறுத்தினால் பாஸ்பரஸ், கால்சியம் ரிப்போர்ட்டையும் காட்டுங்கள், கால்சியம் கண்ணில் படிவதாலும் அப்படி ஆகும்.

இன்னொன்று, கண் டாக்டர் எந்த மாத்திரை எழுதினாலும் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவைச் சொல்லிவிடுங்கள். கண் அழுத்தத்துக்குத் தரும் டயமாக்ஸ், கிட்னி வேலை செய்யாதவருக்கு உடம்பில் தேங்கிக் குழப்பம், மயக்கம் வரை கொண்டுபோகும். காசநோய்க்கான எத்தாம்புட்டால் அளவு மீறினால் கண் நரம்பையே கெடுக்கும், அதையும் கிட்னியைப் பார்த்துத்தான் தர வேண்டும்.