நோர்வேப் பாடசாலையில் பிள்ளைக்கு மேலதிக உதவி தேவைப்படும்போது

நோர்வேயில் மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் வாய்ப்புள்ள பிள்ளைக்கு, ஆறு வயதாகும் ஆண்டில் தொடங்கும் பத்தாண்டுக் கட்டணமற்ற கல்வியைப் பெறும் உரிமை உண்டு. இடம் வழமையாக வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையிலேயே கிடைக்கும். செவிப்புலன், பார்வை, நடமாட்டம், கற்றல் என எதில் சிரமம் இருந்தாலும் இந்த உரிமை குறைவதில்லை. சிறப்புப் பாடசாலைகளுக்கென இருந்த தனிச் சட்டம் 1975 இல் நீக்கப்பட்டு, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடசாலைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டனர். எனவே உதவி கேட்டால் பிள்ளையை வேறெங்காவது அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி வாய் திறக்காமல் இருந்துவிடாதீர்கள். உதவி பெரும்பாலும் பிள்ளை படிக்கும் வகுப்பைத் தேடியே வரும்.

குறைபாடு தெரியவருவது பல வேளைகளில் ஆசிரியருடன் நடக்கும் பெற்றோர் சந்திப்பில்தான். இங்குள்ள ஆசிரியர்கள் பிள்ளையின் நல்ல பக்கங்களையே முதலில் விரிவாகச் சொல்வார்கள். கவலைக்குரிய விடயம் இறுதியில், மென்மையான ஒரு வாக்கியமாக வந்து போகும். பாராட்டை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்துவிடாமல், வாசிப்பில் வகுப்பின் எதிர்பார்ப்புக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறான், இடைவேளையில் யாருடன் இருக்கிறான், இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள் என்று நேரடியாகவே கேளுங்கள். மொழி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 2022 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பொது நிறுவனங்கள் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. தம்பியின் சிரமத்தை அக்காவின் வாயால் கேட்க வேண்டிய நிலை அந்த இருவருக்குமே நல்லதல்ல.

புதிதாக வந்த பிள்ளை பாடத்தில் பின்தங்கினால், நோர்வேஜிய மொழி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று பாடசாலையும் வீடும் சேர்ந்தே காத்திருப்பதுண்டு. மொழி வரும்வரை தனி மொழிக் கற்பித்தல் பெறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் தமிழிலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளைக்கு அது மட்டும் போதாது. எப்போது பேசத் தொடங்கினான், தமிழில் எப்படி வாசிக்கிறான், முன்னைய பாடசாலை என்ன சொன்னது என்பவற்றை எழுதிக் கொடுங்கள். அவற்றை அறிந்தவர்கள் நீங்கள் மட்டுமே.

2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்விச் சட்டம், தனிப்பட்ட உதவியாளர், இட வசதியும் தொழினுட்பக் கருவிகளும், பிள்ளைக்கெனத் தனியாக வடிவமைக்கப்படும் கற்பித்தல் ஆகியவற்றை வெவ்வேறாக வகுத்துள்ளது. இவற்றில் கடைசியானதற்கு, பே.பே.தே. எனப்படும் கல்வி உளவியல் சேவையின் நிபுணர் மதிப்பீடு முதலில் தேவை. பாடசாலை இதனை முன்மொழியலாம். பெற்றோராகிய நீங்களும் கோரலாம். உங்கள் சம்மதமின்றி மதிப்பீடு நடக்காது, அங்கே பணிபுரிவோர் இரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். ஊரில் கதை பரவிவிடும் என்ற பயத்தால் பிள்ளையின் ஆண்டுகளை இழக்காதீர்கள். கோரிக்கையை எப்போதும் எழுத்தில், திகதியுடன் கொடுங்கள்.

மதிப்பீட்டிற்குப் பின் வருவது 'வெத்தாக்' எனப்படும் எழுத்துமூல முடிவு. எத்தனை மணித்தியாலம், எந்தப் பாடம், தனியாகவா குழுவிலா என்பவை அதில் இருக்க வேண்டும். உடன்பாடில்லையெனில், கடிதம் கிடைத்து மூன்று வாரங்களுக்குள் முறையீடு செய்யலாம்; பாடசாலையோ கொம்யூன் எனப்படும் உள்ளூராட்சி நிர்வாகமோ முடிவை மாற்றாவிட்டால் அது மாவட்டத்தின் அரச பிரதிநிதி அலுவலகத்துக்குச் செல்லும். முடிவை ஒட்டித் தயாராகும் தனிநபர் கல்வித் திட்டத்தை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். வழமையான பாட இலக்குகளிலிருந்து திட்டம் விலகுமானால், புள்ளியிடலையும் பின்னாளில் உயர்கல்வித் தகுதியையும் அது பாதிக்கக்கூடும் என்பதால், எந்தப் பாடத்தில், ஏன் விலகுகிறது என்று கேட்டறிந்த பின்னரே சம்மதியுங்கள்.

பகிடிவதை வேறு வழியில் கையாளப்படுகிறது. பிள்ளை பாதுகாப்பாக உணரவில்லை என்றாலே அதிபர் எழுத்துமூலத் திட்டத்துடன் செயற்பட வேண்டும். அவரிடம் சொல்லி ஒரு வாரம் கடந்தும் மாற்றமில்லையெனில் அதே அரச அலுவலகத்தில் முறையிடலாம்.

பத்தாம் ஆண்டுடன் கொம்யூனின் பொறுப்பு முடிந்து, மேல்நிலைக் கல்வி மாகாண நிர்வாகத்தின் கைக்கு மாறுகிறது. பழைய முடிவு தானாகத் தொடராது. சிறப்பு உதவி தேவைப்படும் மாணவர்களுக்கான விண்ணப்பத் திகதி பெப்ரவரி 1, ஏனையோருக்கு மார்ச் 1 என்பதால், பத்தாம் ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே பாடசாலை ஆலோசகரைச் சந்தித்து மதிப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.