சின்ன மந்திரம் பெரிய மந்திரமாக வளர: எங்கள் மேசையின் ஹவுஸ் ரூல்

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் புகுந்து டைஸ் உருட்டும் ஆட்டம் அது. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துபவர். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள். விசார்ட் (புத்தகத்தில் எழுதி மந்திரம் கற்பவர்), சோர்சரர் (மந்திரம் பிறவியிலேயே வந்தவர்), டிரூயிட் (இயற்கையிலிருந்து மந்திரம் பெறுபவர்), ஃபைட்டர் (ஆயுதம் ஏந்திச் சண்டை போடுபவர்) என்று நான்கு பேர். ஏழாவது லெவலைத் தொட்டதும் சோர்சரர் கிரேட்டர் இன்விசிபிலிட்டி வேண்டும் என்றார். அவரிடம் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாமல் மறையும் மந்திரமான இன்விசிபிலிட்டி இருக்கிறது, அது ஒரு மணி நேரம் நிற்கும், ஆனால் யாரையாவது தாக்கினாலோ மந்திரம் போட்டாலோ கலைந்துவிடும். கிரேட்டர் அப்படிக் கலையாது, ஆனால் ஒரு நிமிடம்தான். இரண்டுமே வேண்டியவை. ஏழாவது லெவல் சோர்சரருக்குத் தெரிந்த மந்திரங்கள் மொத்தமே 8, அதில் இரண்டை மறைவதற்கே கொடுக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்குத்தான் இந்த ஹவுஸ் ரூல், எங்கள் மேசைக்கென்று நாங்களே வைத்துக்கொண்ட விதி. பெரிய மந்திரத்தைத் தனியாக வாங்காமல், சின்னதிலிருந்து வளர்த்து எடுக்கலாம். அப்படி வளர்த்தால் சோர்சரருக்கு இரண்டும் ஒரே இடத்தில் அடங்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுங்கள்: சின்ன மந்திரத்தையே உயர்ந்த ஸ்லாட்டில் போடுவது வேறு, இது வேறு. (ஸ்லாட் என்பது மந்திரம் போடச் செலவாகும் வாய்ப்பு. பாத்திரத்தின் லெவல் வேறு, மந்திரத்துக்கும் ஸ்லாட்டுக்கும் இருக்கும் லெவல் வேறு.) தீப்பந்து மந்திரமான ஃபயர்பாலை நான்காம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் 8 ஆறுபக்க டைஸுக்குப் பதில் 9 உருட்டுவார்கள், அதற்கு யாரும் எதையும் கற்க வேண்டாம். நான் ஆரம்பத்தில் அதற்கும் பயிற்சி கேட்டேன், விசார்ட் ஆடுபவர் இரண்டு வாரத்தில் சோர்ந்துபோனார், உடனே எடுத்துவிட்டேன். நீங்களும் அதில் கை வைக்காதீர்கள்.

அப்புறம் ஜோடிகளை எழுதி வையுங்கள். இன்விசிபிலிட்டி–கிரேட்டர் இன்விசிபிலிட்டி, லெஸர் ரெஸ்டோரேஷன்–கிரேட்டர் ரெஸ்டோரேஷன் (குணப்படுத்துபவை), ஹோல்ட் பெர்சன்–ஹோல்ட் மான்ஸ்டர் (அசையாமல் நிறுத்துபவை), சைலண்ட் இமேஜ்–மேஜர் இமேஜ் (மாயத்தோற்றம் காட்டுபவை). நடுவில் மூன்று லெவலுக்கு மேல் இடைவெளி இருந்தால் சேர்க்க வேண்டாம். உருமாற்றும் மந்திரங்களில் பாலிமார்ஃப் நான்காம் லெவல், ட்ரூ பாலிமார்ஃப் ஒன்பதாம் லெவல், அதை ஜோடி என்று யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பெரியதைப் போடும் அளவுக்கு ஸ்லாட் கைக்கு வந்த பிறகுதான் எதுவும் தொடங்கும்.

இனி முக்கியமான விஷயம், குறி. சின்ன மந்திரத்தை மூன்று முறை உண்மையான நெருக்கடியில் போட்டிருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பாத்திரத்தின் விவரம் எழுதும் ஷீட்டில் ஒரு குறி. எது நெருக்கடி என்று டிஎம் மட்டும் முடிவு செய்தால் மனக்கசப்பு வரும், அதனால் எங்கள் மேசையில் மற்ற ஆட்டக்காரர்கள்தான் சொல்வார்கள்: "அந்த மந்திரம் இல்லாவிட்டால் கதை வேறு பக்கம் போயிருக்குமா?" ஆமாம் என்றால் குறி. காவலே இல்லாத வாசலை மறைந்து தாண்டியதற்குக் குறி கிடையாது. பாம்பு விஷம் ஏறிக் கிடந்த எஸ்டேட் தொழிலாளியை டிரூயிட் லெஸர் ரெஸ்டோரேஷன் போட்டு எழுப்பியபோது மூன்று பேரும் ஒரே குரலில் குறி போடச் சொன்னார்கள், அதன் பிறகு அந்தத் தொழிலாளி எங்கள் கதையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டார். மந்திரத்தை யோசித்துப் போட வைப்பது இந்தக் குறிதான், மற்றதையெல்லாம் மாற்றினாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

செலவுக் கணக்கு எளிது. விசார்ட் புத்தகத்தில் எழுத விதிப்படி மந்திர லெவல் ஒன்றுக்கு 2 மணி நேரம், 50 பொன் (ஆட்டத்துக்குள் புழங்கும் காசு). நான்காம் லெவல் என்றால் 8 மணி நேரம், 200 பொன். வளர்த்து எடுப்பவர் இடைவெளிக்கு மட்டும் கொடுத்தால் போதும், இரண்டிலிருந்து நான்குக்கு 4 மணி நேரம், 100 பொன். விசார்டுக்குக் கிடைப்பது இந்தத் தள்ளுபடி மட்டும்தான், புத்தகத்தில் எத்தனை மந்திரம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்கிறவருக்கு அதற்கு மேல் தேவையில்லை. சோர்சரருக்குப் பொன் வேண்டாம், இடைவெளி லெவல் ஒன்றுக்கு மூன்று நாள் தனிமை. டிரூயிட் தினமும் முழுப் பட்டியலிலிருந்தும் தேர்ந்தெடுப்பவர், அவர் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை, அதனால் சின்னதைத் தயார் செய்தாலே பெரியதும் சேர்ந்து தயார் என்று வைத்தோம். அதற்கு விலை பருவம். கோடை மழைக்குப் பிறகு ஏற்காட்டில் காப்பிச் செடிகள் சில நாள் மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்குமே, எங்கள் கதையில் அந்தப் பூ உதிர்வதற்குள் அவர் தோட்டத்தில் இருந்தாக வேண்டும். மந்திரம் போடும்போது ஆகும் பொருள் செலவை மட்டும் யாருக்கும் குறைக்காதீர்கள், கிரேட்டர் ரெஸ்டோரேஷனுக்கு 100 பொன் மதிப்பு வைரத்தூள் ஒவ்வொரு தடவையும் தீரத்தான் வேண்டும்.

கடைசியில் இருபது பக்க டைஸ் ஒன்றை உருட்டி, விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறனைக் கூட்டி இலக்கைத் தொட வேண்டும். 10-உடன் பெரிய மந்திரத்தின் லெவலைக் கூட்டினால் வருவது இலக்கு, நான்காம் லெவலுக்கு 14. மந்திரச் சுருளிலிருந்து விசார்ட் தன் புத்தகத்தில் படியெடுக்க விதியில் இருக்கும் அதே கணக்குதான். விசார்ட் ஆர்கானா (மந்திர அறிவு) உருட்டுவார், சோர்சரர் கரிஸ்மா (ஆளுமை), டிரூயிட் விஸ்டம் (ஞானம்). தோற்றால் கொடுத்த பொன்னில் பாதி போச்சு, கதைக்குள் ஒரு வாரம் கழித்து மறுபடி முயலலாம். குறிகளை மட்டும் அழிக்கக் கூடாது, உழைத்துச் சேர்த்தது அது.

பெரிய மந்திரத்தைக் கற்றுத்தரும் குருவை எளிதில் போய்ச் சேர முடியாத இடத்தில் வையுங்கள். எங்கள் கதையில் அவர் ஏற்காட்டில் சேர்வராயன் கோயிலுக்குப் பக்கத்துக் குகையில் இருக்கிறார். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், நம் கையில் இருப்பதும் இருபது பக்க டைஸ்! ஒருமுறை உருட்டுங்கள், எந்த எண் விழுகிறதோ அந்த வளைவில் ஏதாவது நடக்கும். 3 விழுந்தால் திரும்பி ஓடலாம், 17 விழுந்தால் மேலே போவதுதான் வழி. இந்த ஊர்க்காரர்களுக்கு வளைவின் எண்ணைச் சொன்னாலே இடம் கண்முன் வந்துவிடும்.

ஃபைட்டரை மறந்துவிடாதீர்கள். மற்றவர்கள் மந்திரம் கற்கும் நாட்களில் அவர் சும்மா உட்கார்ந்தால் அந்த ஆட்டக்காரர் போனை எடுத்துவிடுவார். நாங்கள் அவரைச் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்கு அனுப்பினோம். ஆயுதத்துக்கு வெள்ளி பூச விதிப்படி 100 பொன், அதைப் பாதியாக்கி, மீதிக்குப் பட்டறையில் வேலை செய்யச் சொன்னோம். கொலுசு செய்யும் ஆசாரியிடம் திட்டு வாங்கிக்கொண்டே அவர் வாளுக்கு வெள்ளி பூசிய காட்சிக்கு முக்கால் மணி நேரம் போனது, அடுத்த ஞாயிறு அவர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார்.