எல்லாத்துக்கும் 'கத்தினான்'னு எழுதாம தப்பிக்கிறது எப்படி

கதை எழுதுற நண்பர்கள் சிலர் என்கிட்ட அனுப்பி படிச்சு பாக்க சொல்லுவாங்க, அதுல அடிக்கடி கண்ணுல படுறது இதுதான்: ஒருத்தன் பயந்தாலும் கத்துறான், கோவப்பட்டாலும் கத்துறான், ஜெயிச்சாலும் கத்துறான், அவன் வீட்டு நாயும் கத்துது. அப்புறம் எழுதுனவருக்கே பத்தலன்னு தோணி 'மிகவும் சத்தமாக'ன்னு முன்னாடி ஒண்ண ஒட்ட வெச்சிடுறாரு. சத்தம் எவ்ளோன்னு தெரிஞ்சு படிக்கிறவங்க என்ன பண்ண போறாங்க? யார் வாயிலருந்து வருது, எதுக்காக வருது, இந்த ரெண்டையும் கேட்டுட்டு சொல்ல எடுங்க, மீதி தானா அமையும்.

பயத்துல சட்டுனு வெடிச்சு வர்றது அலறல். அதுவே மெல்லிசா கூர்மையா ஒரே மூச்சுல வந்தா வீறிடுறது, பச்சக்கொழந்த வீல்னு கத்துதுன்னு சொல்றோமே அதான். அலறல் கேட்டா ஒடம்பு சிலிர்க்குதுல்ல, அதுக்கு வால்யூம் மட்டும் காரணம் இல்ல. அலறும்போது சத்தத்தோட பலம் நொடிக்கு 30லருந்து 150 தடவ வரைக்கும் ஏறி எறங்குது, சாதாரண பேச்சுல அது நாலஞ்சு தடவதான், அந்த சொரசொரப்பத்தான் மூளை ஆபத்துன்னு எடுத்துக்குது. அதனால அலறினான்னு எழுதிட்டீங்கன்னா 'சத்தமா' தேவையே இல்ல.

கதறல் வேற. கையறு நெலமைல அழுகையும் கெஞ்சலும் கலந்து வர்றது. நான் எழுத ஆரம்பிச்ச புதுசுல 'பரிசு கிடைத்த மகிழ்ச்சியில் கதறினான்'னு ஒரு வரி எழுதிட்டேன், படிச்சவர் ஒருத்தர் 'பரிசா என்ன குடுத்தாங்க, ஒதையா?'ன்னு கேட்டாரு, அன்னிலருந்து அந்த வார்த்தைய தொடும்போது கொஞ்சம் யோசிப்பேன். ஓலம்னா நீளமா இழுத்துட்டே போகணும். கூச்சல்ல வார்த்தை புரியாது, கூப்பாடுல புரியும் ஆனா கேக்குறவனுக்கு எரிச்சலா இருக்கும் ('இப்ப எதுக்கு கூப்பாடு போடுற'). ஆரவாரம் ஒரு கூட்டத்தோட சந்தோஷம், தனியா ஒருத்தன் உக்காந்து ஆரவாரம் பண்ண முடியாது. ஆர்ப்பாட்டம்னா அதுவும் பெருஞ்சத்தம்தான், ஆனா இப்ப கோஷம் போட்டு போராடுறதுக்குன்னே அது ஆயிப்போச்சு, 'குழந்தைகள் ஆர்ப்பாட்டம் செய்தனர்'னு எழுதுனா கையில கொடி இருந்துச்சான்னு கேப்பாங்க. அதட்டலுக்கு சத்தமே முக்கியம் இல்ல, மேல இருக்குறவன் கீழ இருக்குறவன்கிட்ட காட்டுற அதிகாரம்தான் முக்கியம். புலம்பலையும் சில பேர் இந்த கணக்குல சேக்குறாங்க, அது பெருசா கத்துறது இல்ல. பழைய தமிழ்ல புலம்புன்னா தனிமைன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, கேக்க ஆள் இல்லாம பேசுறதுக்கு இத விட பொருத்தமான வேர் எனக்கு தெரியல.

ஒருத்தர் இன்னொருத்தர பேர் சொல்லி கூப்பிடுற காட்சி வந்தா தூரத்த மனசுல வெச்சுக்குங்க. பக்கத்துல இருந்தா பேர் அப்படியே வரும், இல்லன்னா கடைசி எழுத்து தேஞ்சு வரும். தூரத்துல இருந்தா உயிரெழுத்து நீளும், 'முருகாஆஆ'ன்னு. அழுது புலம்பும்போது கடைசில ஒரு ஓ வந்து ஒட்டிக்கும், 'ஐயாவோ', 'அம்மாவோ'ன்னு. இது நான் கண்டுபுடிச்சது இல்ல, நன்னூல்ல இதே மூணு பிரிவும் இருக்கு, இன்னைக்கும் நாம அப்படித்தான் கூப்பிடுறோம்ங்கறதுதான் ஆச்சரியம். தூரம் போகப்போக கீச்சுனு இருக்குற சத்தங்கள காத்து சீக்கிரம் முழுங்கிடும், மெய்யெழுத்து தெளிவா கேக்காது, அதனால ரொம்ப தூரத்து குரல எழுதும்போது முழு வசனம் எழுதாதீங்க. 'ஏதோ ஓஓன்னு கேட்டுச்சு' போதும்.

இப்ப மிருகங்கள். ஸ்கூல்ல மரபுச்சொல்னு ஒரு பட்டியல் மனப்பாடம் பண்ணிருப்போம், குதிரை கனைக்கும், யானை பிளிறும், நரி ஊளையிடும், மயில் அகவும், காகம் கரையும், ஆந்தை அலறும், கூகை குழறும், புறா குனுகும், வண்டு முரலும், குரங்கு அலப்பும். பட்டியல் நல்லதுதான், ஆனா ஒரு மிருகத்துக்கு ஒரு வினைதான்ங்கற நெனப்ப அது உண்டாக்கிடுது. நாயவே எடுத்துக்குங்க. புது ஆள பாத்தா குரைக்கும், சோத்து தட்டுகிட்ட போனா உறுமும், தனியா கட்டிப்போட்டா ஊளையிடும், அடிபட்டா மொனகும். எதுன்னு நீங்க எழுதிட்டா நாயோட மனசு தெரிஞ்சிடும், தனியா வெளக்கம் வேணாம். பூனை சீறும்னு படிச்சோம், அது சண்டைக்கு நிக்கும்போது, மடில படுத்துருக்கும்போது குர்ர்குர்ர்னுதான் கேக்கும். யானைக்கும் அதே கதைதான், மெரண்டாலோ ஆவேசப்பட்டாலோ துதிக்கை வழியா வர்றதுதான் பிளிறல், மத்த நேரம் கூட்டத்துக்குள்ள அடித்தொண்டையில உறுமிக்கிட்டே பேசிக்கும், அதுல ஒரு பகுதி 20 ஹெர்ட்ஸுக்கும் கீழ, நம்ம காதுக்கே எட்டாது. 'யானை அமைதியாக நின்று பிளிறியது'ன்னு எழுதுனா அந்த யானைய நீங்க பாத்ததில்லன்னு தெரிஞ்சிடும்.

குயில் கூவும், சரி. ஆனா கூ கூன்னு கூவுறது ஆண்குயில், பெண்குயில் கிக்கிக்னு வேற மாதிரி கத்தும், எத்தன கதைல கதாநாயகிக்கு குயில் குரல்னு எழுதிருக்கோம்! மயில் அகவுறதும் கேக்க இனிமையா எல்லாம் இருக்காது, பெரிய பூனை தொண்ட கிழிய கத்துற மாதிரி இருக்கும், அந்த அகவல்ங்கற பேரத்தான் ஆசிரியப்பாவோட ஓசைக்கும் வெச்சாங்க. இன்னொண்ணு, பேச்சுத்தமிழ்ல ஓடுற கதைக்கு நடுவுல 'புறா குனுகியது'ன்னு வந்தா உறுத்தும், அங்க 'புறா குர்ரு குர்ருங்குது'தான் சரி.

மிருகத்தோட வினைய மனுஷனுக்கு போடும்போது தனி ஜாக்கிரதை வேணும், ஏன்னா கூடவே ஒரு தீர்ப்பும் வந்துடும். கர்ஜித்தான்னா பாராட்டு, குரைக்கிறான்னா கேவலம், கொக்கரித்தான்னா திமிரு, ஊளையிட்டான்னா கிண்டல். கனைச்சான் மட்டும் தப்பிச்சிடுச்சு, தொண்டைய சரி பண்ணிக்கிட்டான்னுதான் அர்த்தம் ஆகும்.

வினை எதுவும் ஒத்து வரலன்னா சத்தத்தையே எழுதி பக்கத்துல ஒரு 'னு' போடுங்க. வள்னு விழுந்தான், உர்ர்னு பாத்துச்சு, ஓன்னு அழுதா. ஒருதடவ போட்டா சட்டுனு முடியுற சத்தம், ரெண்டு தடவ போட்டா விடாம வர்ற சத்தம், 'வள்'ளும் 'வள்வள்'ளும் வேற வேற. ஆனா சலசல, தொணதொண மாதிரி இரட்டைக்கிளவிய பாதியா வெட்டாதீங்க, 'சல'ன்னு தண்ணி ஓடாது. இந்த னு வித்தைய பக்கத்துக்கு ஒண்ணு ரெண்டுக்கு மேல போட்டா காமிக்ஸ் மாதிரி ஆயிடும்.

கடைசியா எழுத்துப்பிழை. சத்தம் பத்துன வார்த்தைங்கள்ல ர-ற, ன-ண தகராறு ரொம்ப அதிகம், அதுலயும் மோசம் என்னன்னா தப்பா எழுதுனாலும் அது வேற ஒரு நல்ல வார்த்தையா இருக்கும், ஸ்பெல் செக் கண்டுக்காது. கறைன்னா அழுக்கு, கணைன்னா அம்பு, குறைத்ததுன்னா கம்மி பண்ணுச்சு. பிளிறு, உறுமு, அலறு, சீறு, வீறிடு எல்லாத்துக்கும் பெரிய ற, குரை, கரை, இரைச்சல் மூணுக்கும் சின்ன ர, கனைக்கு ரெண்டு சுழி ன. எழுதி முடிச்சதும் ஃபைண்ட் பாக்ஸ்ல 'குறை'ன்னு போட்டு ஒருதடவ தேடி பாருங்க, நாய் வர்ற வரில அது சிக்குனா மொதல்ல அத மாத்துங்க, நாய் எத கொறைச்சுச்சுன்னு எவனாவது கமெண்ட் போடுறதுக்குள்ள.