ஆமையின் வயிற்றுப்போக்கு நின்றது இப்படித்தான்

பண்ணையில் பிறந்த என் சல்கேட்டா ஆமைக்கு (புல் தின்னும் ஆப்பிரிக்க நில ஆமை) இரண்டு வாரமாகக் கழிச்சல். புளித்த வாடை, வாலடியெல்லாம் காய்ந்து ஒட்டியிருந்தது. சாணத்தைப் பரிசோதித்ததில் புழு இல்லை. அப்புறம்தான் மருத்துவர் தீனியைப் பற்றிக் கேட்டார். தினமும் பழம், லெட்டூஸ்.

தப்பு அங்கேதான். புல்லின் நாரை ஆமையால் தானாகச் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துத் தரும் கொழுப்பு அமிலங்கள்தான் ஆமைக்குச் சத்து. பழச்சர்க்கரை அந்தக் கூட்டத்தையே குலைத்துவிடுகிறது, பாவம்.

பழத்தை அடியோடு நிறுத்தி, மெல்ல மெல்லப் புல்லுக்கும் உலர்புல்லுக்கும் பழக்கினேன். கூட்டில் இருக்கும் வெப்ப விளக்கடியில் சூடு 35 டிகிரி வரும்படி வைத்தேன். உடல் குளிர்ந்தால் நொதித்தல் மந்தமாகிவிடும். மூன்றாம் வாரம் சாணம் கெட்டியாக விழுந்தது. கையுறை போட்டுப் பிய்த்துப் பார்த்தேன்: உள்ளே நார் நாராகப் புல். அவ்வளவு சந்தோஷம் எனக்கு!